தபால் ஓட்டைத் திருடினால் என்ன தண்டனை?

2025 மே மாதம் ஒரு நாள் மாலை. நமது சங்கத்துப் படிப்பறையில் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்த நண்பர் ஒருவர் கேரளச் செய்தி ஒன்றை உரக்கப் படித்தார். மார்க்சிஸ்ட் கட்சியின் மூத்த தலைவரும் முன்னாள் அமைச்சருமான ஜி. சுதாகரன், ஆலப்புழையில் அரசு ஊழியர் சங்க நிகழ்ச்சி ஒன்றில் பேசியபோது, 1989 மக்களவைத் தேர்தலில் தபால் ஓட்டு உறைகளைப் பிரித்துப் பார்த்ததாகச் சொன்னாராம். சங்க உறுப்பினர்களின் ஓட்டுகளில் நூற்றுக்குப் பதினைந்து எதிரணிக்குப் போயிருந்ததாகவும் சொன்னாராம். உடனே தேர்தல் அதிகாரிகள் விசாரித்தார்கள். போலீஸார் வழக்குப் பதிவு செய்தார்கள். இதற்கிடையில், தாம் சற்றுக் கற்பனை கலந்து பேசியதாகவும் அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றும் அவரே விளக்கமளித்தார். எது உண்மை என்று தீர்மானிப்பது நம் வேலை இல்லை.

ஆனால் செய்தியைப் படித்த நண்பர் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. "ஏன் சார், ஒருத்தர் போட்ட தபால் ஓட்டை இன்னொருத்தர் எடுத்துட்டா அதுக்கு என்ன தண்டனை?" அங்கே அமர்ந்திருந்த ஏழெட்டுப் பேரில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. பத்து வருஷம் என்றார் ஒருவர். அபராதம்தான் என்றார் இன்னொருவர். நான் சட்டம் படித்தவன் அல்லன். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் காலம் கழித்த டிப்ளமா எஞ்சினீயர். என்றாலும் ஓய்வு பெற்றவனுக்கு நேரம் உண்டு. தேடிப் படித்ததை எனக்குப் புரிந்த அளவில் வாசக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன். படித்த பிறகு என் பழைய கணக்கு ஒன்றையும் புரட்டிப் பார்க்க வேண்டியதாயிற்று. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் இதற்கு முக்கியமான சட்டம் 1951-ம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். அதில் 136-வது பிரிவைப் பார்க்க வேண்டும். வாக்குச்சீட்டையோ, தபால் ஓட்டுடன் அனுப்பும் உறுதிமொழிப் படிவத்தையோ, அரசு கொடுத்த உறையையோ மோசடியாகச் சிதைப்பதும் அழிப்பதும் குற்றம். உரிய அதிகாரம் இல்லாமல் யாருக்காவது வாக்குச்சீட்டு கொடுப்பதும், யாரிடமிருந்தாவது வாங்குவதும், வெறுமனே கையில் வைத்திருப்பதும்கூடக் குற்றம். உபயோகத்தில் உள்ள வாக்குச்சீட்டை அதிகாரமின்றி எடுப்பதும், வாக்குப் பெட்டியைத் திறப்பதும் அப்படியே. இவற்றைச் செய்ய முயன்றாலும், செய்பவருக்குத் துணை போனாலும் அதே குற்றம்தான்.

இந்தக் கடைசி வரியைப் படித்தபோது திருக்குறளின் கள்ளாமை அதிகாரம் நினைவுக்கு வந்தது. பிறர் பொருளைக் கவர்ந்துகொள்வோம் என்று மனத்தால் நினைப்பதே தீது என்கிறார் வள்ளுவர். சட்டம் மனத்துக்குள் எட்டிப் பார்க்க முடியாது. ஆனாலும் முயற்சி வரை வந்து நிற்கிறது.

தண்டனை ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. சாதாரணக் குடிமகன் செய்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தேர்தல் வேலையில் இருக்கும் அதிகாரியோ குமாஸ்தாவோ செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இருவர் விஷயத்திலும் போலீஸார் வாரன்ட் இல்லாமலே கைது செய்யலாம். தேர்தல் வேலையில் இருப்பவருக்கு இன்னொரு தண்டனையும் சேர்கிறது. குற்றம் நிரூபணமானால், தீர்ப்பு நாளிலிருந்து ஆறு ஆண்டுகளுக்கு அவர் எந்தத் தேர்தலிலும் ஓட்டுப் போட முடியாது. பிறர் ஓட்டைக் கெடுத்தவர் தன் ஓட்டை இழக்கிறார். எனக்கு இது சிறையைவிடப் பொருத்தமான தண்டனையாகத் தோன்றுகிறது.

தபால்காரரே கவரைத் திருடினால்? 1898-ம் ஆண்டின் பழைய அஞ்சல் சட்டத்தில், தபாலைத் திருடும், ஒளிக்கும், அழிக்கும், தூக்கி எறியும் இலாகா ஊழியருக்கு ஏழு ஆண்டு வரை சிறை என்று தனிப் பிரிவே இருந்தது. அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2023-ம் ஆண்டின் புதிய அஞ்சல் சட்டம் 2024 ஜூன் 18 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் அந்தத் தனித் தண்டனைப் பிரிவு இல்லை. இனி பொதுச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாதான் கை கொடுக்க வேண்டும். அதில் சாதாரணத் திருட்டுக்கு மூன்று ஆண்டு வரை சிறை. தன்னிடம் ஒப்படைத்த பொருளில் மோசடி செய்யும் அரசு ஊழியருக்குப் பத்து ஆண்டு வரை, ஏன், ஆயுள் தண்டனை வரைகூட விதிக்க இடமுண்டு.

ஆக, படிப்பறையில் பத்து வருஷம் என்றவரும் அபராதம் என்றவரும் ஆளுக்குக் கொஞ்சம் சரி. திருடியவர் யார், எந்தச் சட்டத்தின் கீழ் வழக்கு என்பதைப் பொறுத்தது.

கண்டுபிடிக்கும் கஷ்டம்

தண்டனை எவ்வளவு என்று தெரிந்துகொண்டபின் அடுத்த கேள்வி வருகிறது. திருட்டு நடந்தது என்று யாருக்குத் தெரியும்?

பர்ஸ் தொலைந்தால் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் தெரிந்துவிடும். வாக்குச்சாவடியில் நம் பெயரில் வேறொருவர் ஓட்டுப் போட்டிருந்தால் போய் நின்றதும் தெரிந்துவிடும். தபால் ஓட்டு அப்படியில்லை. போட்டவர் போய்ச் சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டிருப்பார். பெறவேண்டிய அதிகாரி, இவர் அனுப்பவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டிருப்பார். நடுவில் ஒருவர் எடுத்துவிட்டால் இரண்டு பக்கமும் சந்தேகமே வராது.

எடுக்கக்கூட வேண்டாம், தாமதப்படுத்தினாலே போதும். ஓட்டு எண்ணிக்கை தொடங்கக் குறித்த நேரத்துக்குப் பிறகு வந்து சேரும் உறையைப் பிரிப்பதே கிடையாது. ஒரு கட்டு உறையை இரண்டு நாள் மேஜை டிராயரில் வைத்திருந்தால் அத்தனை ஓட்டும் வீண்.

இதற்குமேல் காலவரம்பு என்றொரு சங்கதி இருக்கிறது. ஓர் ஆண்டு வரை மட்டுமே சிறை விதிக்கக்கூடிய குற்றமானால், ஓர் ஆண்டுக்குள் வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தாக வேண்டும். மூன்று ஆண்டு வரை சிறை என்றால் மூன்று ஆண்டுக்குள். அதற்குமேல் தண்டனை உள்ள குற்றங்களுக்குத்தான் காலவரம்பு இல்லை. 136-வது பிரிவில் சாதாரண மனிதருக்கு ஆறு மாதம்தான் என்பதால், ஓர் ஆண்டு ஓடிவிட்டால் அந்தப் பிரிவின் கீழ் அவரைத் தொடுவது கடினம். 1989-ல் நடந்ததாகச் சொல்லப்பட்ட ஒன்றுக்கு 2025-ல் வழக்குப் பதிந்தபோது தேர்தல் சட்டத்தோடு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் போலி ஆவணப் பிரிவுகளையும் போலீஸார் சேர்த்ததன் அவசியம் இப்போது புரிகிறது. ஏமாற்றுவதற்காகப் போலி ஆவணம் தயாரிப்பதற்கு ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. ஆகவே காலவரம்பு இல்லை.

அமெரிக்காவில் நடந்தது

தண்டனை கடுமையாக இருந்தால் இதெல்லாம் நடக்குமா என்று கேட்கலாம். அதற்கு அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் நடந்ததைப் பார்க்க வேண்டும். அந்நாட்டில் தபாலைத் திருடினால் மத்திய சட்டப்படி ஐந்து ஆண்டு வரை சிறை. வட கரோலினாவிலோ நெருங்கிய உறவினரோ சட்டப்படியான காப்பாளரோ தவிர வேறு யாரும் ஒருவருடைய தபால் ஓட்டை வாங்கிக்கொண்டு போவதே பெருங்குற்றம். எண்ணம் நல்லதா கெட்டதா என்ற பேச்சுக்கே இடமில்லை.

இவ்வளவு இருந்தும் 2018 நவம்பரில் அம்மாநிலத்தின் 9-வது நாடாளுமன்றத் தொகுதியில் நடந்தது என்ன? குடியரசுக் கட்சியின் மார்க் ஹாரிஸ், ஜனநாயகக் கட்சியின் டான் மக்ரெடியைவிட 905 ஓட்டு முன்னிலையில் இருந்தார். ஆனால் பிளேடன் என்ற சிறிய மாவட்டத்தின் கணக்கு மட்டும் உதைத்தது. அங்கே வந்து சேர்ந்த தபால் ஓட்டுகளில் குடியரசுக் கட்சியில் பதிவு செய்தவர்களுடையவை நூற்றுக்குப் 19. ஹாரிஸுக்கு விழுந்ததோ நூற்றுக்கு 61! மாநிலத் தேர்தல் வாரியம் முடிவை உறுதி செய்ய மறுத்து விசாரணையில் இறங்கியது.

2019 பிப்ரவரியில் நாலு நாள் பகிரங்க விசாரணை நடந்தது. ஹாரிஸ் தரப்புக்காக வேலை செய்த மக்ரே டௌலஸ் என்பவர் ஆட்களைக் கூலிக்கு அமர்த்தி வீடு வீடாக அனுப்பித் தபால் ஓட்டுகளைச் சேகரித்தார் என்பது வெளியே வந்தது. அப்படி வேலை செய்த பெண்மணி ஒருவர் சாட்சியம் சொன்னார். காலியாக விட்டிருந்த இடங்களைத் தாங்களே நிரப்பினார்களாம். வாக்காளர் கையெழுத்திட்டதைப் பார்க்காமலே சாட்சிக் கையெழுத்துப் போட்டார்களாம். சந்தேகம் வராதபடி ஒரே நிற மை, கொஞ்சம் கொஞ்சமாகத் தபாலில் சேர்ப்பது, ஸ்டாம்பைக் கோணலாக ஒட்டாமல் பார்த்துக்கொள்வது என்று எல்லாவற்றிலும் கவனமாக இருந்தார்களாம். நல்ல வேலைக்கு இந்தக் கவனம் இருந்திருக்கக் கூடாதா!

விசாரணையில் வேட்பாளரின் சொந்த மகனே சாட்சிக் கூண்டில் ஏறினார். அவர் அரசு வழக்கறிஞர். இந்த ஆளை வேலைக்கு வைக்காதீர்கள் என்று அப்பாவை முன்பே எச்சரித்ததாகச் சொன்னார். தந்தை கண்ணீர் விட்டார். மறுநாள் அவரே, மறு தேர்தல் நடத்துவதுதான் சரி என்று கூறிவிட்டார். இரு கட்சியினரும் இடம்பெற்ற ஐவர் வாரியம் ஒருமனதாக மறு தேர்தலுக்கு உத்தரவிட்டது. 2019 செப்டம்பரில் அது நடந்து, குடியரசுக் கட்சியின் வேறொரு வேட்பாளரான டான் பிஷப் வென்றார். அதுவரை சுமார் எட்டு மாதம் அத்தொகுதி மக்களுக்கு நாடாளுமன்றத்தில் ஆளே இல்லை.

தண்டனை என்ன ஆயிற்று? டௌலஸ் மீது வழக்குத் தொடரப்பட்டது. ஆனால் விசாரணை தொடங்குமுன் 2022 ஏப்ரலில் அவர் காலமானார். ஹாரிஸ் மீது வழக்கு ஏதும் தொடரப்படவில்லை. 2024-ல் வேறொரு தொகுதியில் வென்று அவர் நாடாளுமன்றத்துக்கே போனார்.

புத்தகத்தில் இருந்த கடுமையான தண்டனை யாரையும் தடுக்கவில்லை என்பதை இங்கே பார்க்கிறோம். மக்களுக்கு நியாயம் கிடைத்தது வேறு வழியில். கணக்கு உதைக்கிறது என்று ஒருவர் கவனித்தார். முடிவை நிறுத்தி வைக்கும் அதிகாரம் ஒரு வாரியத்துக்கு இருந்தது. அது அந்த அதிகாரத்தை உபயோகித்தது.

இங்கிலாந்து கற்ற பாடமும் ஏறக்குறைய இதுவே. 2004-ல் பர்மிங்ஹாம் நகரசபைத் தேர்தலில் இரண்டு வார்டுகளில் தபால் ஓட்டு மோசடி நடந்ததாகத் தேர்தல் நீதிமன்றம் 2005-ல் தீர்ப்பளித்து, அத்தேர்தல்களைச் செல்லாதவையாக்கியது. அதன்பின் தபால் ஓட்டுடன் கையெழுத்தும் பிறந்த தேதியும் தரவேண்டும் என்று ஆயிற்று. 2022-ல் வந்த சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. கட்சிப் பிரசாரகர்கள், தம் குடும்பத்தார் போன்ற சிலருடையது தவிர, பிறருடைய தபால் ஓட்டைக் கையில் வாங்குவதே குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை.

டோக்கன் யார் கையில்?

என் தொழிலில் இருந்து ஓர் உதாரணம் சொல்ல அனுமதிக்கவும். ஒற்றை ரயில் பாதையில் இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே ஒரு சமயத்தில் ஒரு வண்டிதான் போகலாம். அதற்காக நீல்ஸ் பால் டோக்கன் என்ற கருவி வெகுகாலம் உபயோகத்தில் இருந்தது. டென்னிஸ் பந்து அளவில் ஓர் உலோக உருண்டை. இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்களும் ஒத்துழைத்தால்தான் அது வெளியே வரும். ஓர் உருண்டை வெளியே வந்துவிட்டால், அது திரும்பக் கருவிக்குள் போகும்வரை அடுத்தது வராது. டிரைவர் கையில் அது இல்லாமல் வண்டி நகரக்கூடாது. டோக்கன் இல்லாமல் நுழைந்த டிரைவருக்கு என்ன தண்டனை என்பதும் விதியில் உண்டுதான். ஆனால் இத்தனை வருஷம் உயிர்களைக் காத்தது அந்தத் தண்டனை விதியைவிட, டோக்கன் இப்போது யார் கையில் என்ற கேள்விக்கு எந்த நேரமும் பதில் இருந்ததுதான்.

தபால் ஓட்டுக்கும் நம் நாட்டில் இப்படி ஓர் ஒழுங்கு மெள்ள மெள்ள வந்துகொண்டிருக்கிறது. முன்பு தேர்தல் வேலைக்குப் போகும் ஊழியர் சீட்டை வீட்டுக்கு எடுத்துப் போய்க் குறியிட்டு அனுப்பலாம். 2023-ல் விதியைத் திருத்தி, அதற்கென அமைத்த மையத்திலேயே ஓட்டைப் போட்டுவிட வேண்டும் என்று ஆக்கினார்கள். ராணுவத்தினருக்கு 2016 முதல் சீட்டு மின்னணு வழியாகப் போகிறது. எனவே போகும் வழியில் தொலைய வாய்ப்பில்லை. திரும்பி வருவதுதான் தபாலில். 85 வயது கடந்தவர்களும், நாற்பது சதவீதத்துக்குக் குறையாத ஊனமுள்ளவர்களும் முன்கூட்டியே விண்ணப்பித்தால், அதிகாரிகள் போலீஸ் காவலுடனும் வீடியோ எடுப்பவருடனும் வீட்டுக்கே வந்து ஓட்டை வாங்கிப் போகிறார்கள். வேட்பாளரின் ஏஜென்ட்டும் கூட வந்து பார்க்கலாம். நடுவில் மூன்றாவது கைக்கு இடமில்லை.

ஒரு நூறு இருநூறு தபால் ஓட்டுக்கு இத்தனை கவலையா என்று யாரும் நினைக்க வேண்டாம். 2016-ல் நம் ராதாபுரம் சட்டமன்றத் தொகுதியில் வெற்றி வித்தியாசம் வெறும் 49 ஓட்டு. அங்கே 203 தபால் ஓட்டுகள், சான்றொப்பமிட்டவர் தகுதியான அதிகாரி அல்லர் என்ற காரணத்தால் தள்ளப்பட்டிருந்தன. திருட்டு ஏதும் இல்லை; ஒரு கையெழுத்துப் பிரச்சினை. அதற்கே சென்னை உயர் நீதிமன்றம் 2019 அக்டோபரில் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது. எண்ணியும் முடித்தார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021-ல் அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்துபோயிற்று.

என் பழைய கணக்கு

இப்போது நான் சொல்வதாகச் சொன்னதற்கு வருகிறேன். 1996 பொதுத் தேர்தலில் எனக்கு வாக்குச்சாவடி வேலை போட்டார்கள். தபால் ஓட்டுச் சீட்டு வந்தது. குறியிட்டு உள் உறையில் வைத்து ஒட்டினேன். கெஜட்டட் அதிகாரி ஒருவரிடம் படிவத்தில் சான்றொப்பம் வாங்கி, வெளி உறையையும் ஒட்டினேன். அப்போது உடன் வேலை பார்த்தவர் ஒருவர் வந்தார். "உங்க கவரையும் கொடுங்க சார். எல்லாருதையும் நானே மொத்தமா கொண்டுபோய்ச் சேர்த்துடறேன்" என்றார். அவர் கையில் ஏற்கெனவே ஒரு கட்டு இருந்தது. வெயிலில் தபாலாபீசுக்கு நடக்க வேண்டாமே என்று நானும் கொடுத்துவிட்டேன். நன்றி சொன்னதாகவும் ஞாபகம்.

அவர் நல்ல மனிதர்தான். கொண்டுபோய்ச் சேர்த்திருப்பார் என்றே இன்றுவரை நம்புகிறேன். ஆனால் சேர்ந்தது என்பதற்கு என்னிடம் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. அந்தக் கட்டில் இருந்த மற்றவர்களிடமும் இருந்திருக்காது. 136-வது பிரிவின் வாசகத்தை அப்படியே எடுத்துக்கொண்டால், அதிகாரம் இல்லாமல் வாங்கியது அவர், கொடுத்தது நான். ஓர் ஆண்டுக் காலவரம்பு எப்போதோ முடிந்துவிட்டதால் இதை அச்சில் சொல்லத் துணிகிறேன்! வேடிக்கையை விட்டுவிட்டுப் பார்த்தால், டோக்கனை யாரிடமும் கொடுக்காதே என்று இளைஞர்களுக்கு வருஷக்கணக்காகப் பாடம் எடுத்தவன், என் ஓட்டை மட்டும் கேட்டவுடன் கொடுத்துவிட்டேன். இது எனக்கு வெட்கமாகவே இருக்கிறது.

நம் சங்கக் குடும்பங்களில் ராணுவத்திலும் துணை ராணுவத்திலும் இருக்கும் பிள்ளைகள் உண்டு. தேர்தல் வேலைக்குப் போகும் ஆசிரியைகளும் வங்கி ஊழியர்களும் உண்டு. 85 கடந்த பெரியவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். சீட்டு வந்தால் நீங்களே குறியிடுங்கள், நீங்களே ஒட்டுங்கள், நீங்களே சேருங்கள். கட்சிக்காரரோ, யூனியன்காரரோ, பக்கத்து வீட்டுக்காரரோ, எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், "உங்களுக்கு எதுக்குச் சிரமம், நானே போட்டுக்கறேன்" என்று சொல்லிவிடுங்கள். வீட்டுக்கு ஓட்டு வாங்க வந்தால், வந்தவர் அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள். பெரியவர் குறியிடும்போது மகனோ மருமகளோ எட்டிப் பார்க்க வேண்டாம். பார்வை மங்கியோ உடல் தளர்ந்தோ தானாகக் குறியிட முடியாதவருக்குத்தான் துணை ஆள்.

படிப்பறையில் கேள்வி கேட்ட நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். ஆறு மாதம், இரண்டு ஆண்டு என்றதும், "அவ்வளவுதானா!" என்றார். அவ்வளவுதான். திருடுபவனுக்குச் சட்டம் வைத்திருக்கும் விலை அது. என் ஓட்டுக்கு நான் வைத்த விலை 1996-ல் அதைவிடக் குறைவாக இருந்தது. தபாலாபீஸ் வரை நடக்கவேண்டிய தூரம்தான் அது.